சிமென்ட் சாலைக்கு ஒட்டுப் போடும்போது

நேயர்களுக்கு வணக்கம். சிமென்ட் சாலையில் போட்ட ஒட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை என்றால், "கலவையில் சிமென்ட் குறைச்சல்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பெயர்ந்து கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது கெட்டியாகத்தான் இருக்கும். கெட்டுப்போனது அதன் அடியும் ஓரமும்தான்.

சிமென்ட் சாலை ஒரே நீளப் பலகை அல்ல. நம் நெடுஞ்சாலைகளில் வழக்கமாக 4.5 மீட்டருக்கு ஒரு மூட்டு விட்டு, பாளம் பாளமாக இருக்கும். வெயிலில் பாளத்தின் சூடு 20 டிகிரி ஏறினால், அந்த 4.5 மீட்டர் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். அந்த நீட்டத்துக்கு இடம் கொடுப்பதற்குத்தான் மூட்டு. இதை மறந்துவிட்டுப் போடும் ஒட்டு எதுவும் நிற்காது.

முதல் வேலை சுத்தியலோடு நடப்பது. புதுப் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே மாதிரி மூட்டின் இரு பக்கமும் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்றால் நல்ல கான்கிரீட். பொத்தென்று கேட்டால் உள்ளே கழன்றிருக்கிறது. பரப்பு பெரிதென்றால் கனமான இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனாலும் அதே சத்த வித்தியாசம் தெரியும். மழை விட்டதும் மூட்டோரமாகச் சேற்றுக் கறை தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால், லாரி ஏறி இறங்கும்போது அடியில் தேங்கிய தண்ணீர் மண்ணோடு சேர்ந்து வெளியே பீய்ச்சுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் வடிகாலைச் சரிசெய்யாமல் மேலே என்ன போட்டாலும் வீண்.

சேதம் பாளத்தின் கனத்தில் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால், மேலோட்டமான ஒட்டு போதும். பொத்துச் சத்தம் கேட்ட இடத்துக்கு வெளியே 75 முதல் 100 மி.மீ. தள்ளி, செவ்வகமாகக் கோடு போட்டு, கட்டரால் செங்குத்தாக 50 மி.மீ. ஆழம் வெட்ட வேண்டும். ஓரத்தைச் சரிவாக விட்டு, கடைசியில் பூரிக் கனத்துக்குக் கலவையை இழுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அந்த மெல்லிய ஓரம்தான் முதலில் உதிரும். உடைக்க 15 கிலோவுக்குள்ளான சின்ன பிரேக்கரே போதும். பெரிதை வைத்தால் நல்ல கான்கிரீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். உடைக்கும்போது டவல் கம்பி, அதாவது மூட்டைக் கடந்து இரண்டு பாளங்களையும் இணைக்கும் வழவழப்பான கம்பி, கண்ணில் பட்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது முழு ஆழத்துக்குச் செய்ய வேண்டிய வேலை.

இனி மிகவும் தவறு நடக்கும் இடம். பள்ளம் மூட்டை ஒட்டியிருந்தால், கலவை போடுவதற்கு முன் மூட்டுக்குள் அமுங்கக்கூடிய ஃபோம் பலகை ஒன்றை நிறுத்த வேண்டும். பள்ளத்தின் அடிக்குக் கீழே 25 மி.மீ., இரு முனைகளிலும் 75 மி.மீ. கூடுதலாக அது போக வேண்டும். இல்லாவிட்டால் சிமென்ட் பால் மூட்டுக்குள் இறங்கி இறுகிவிடும். பிறகு மத்தியான வெயிலில் பாளம் நீளும்போது, மொத்த அழுத்தமும் விரல் அகல அந்த இறுகலின் மேல் ஏறி, ஒட்டு மேலே தெறிக்கும். சில ரூபாய் ஃபோம் இல்லாமல் எத்தனை ஒட்டுகள் போயின என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது.

கம்ப்ரஸர் காற்றில் தூசியை ஊதுவதற்கு முன், வெள்ளைத் துணியில் ஒருமுறை ஊதிப் பாருங்கள். எண்ணெய்ப் புள்ளி விழுந்தால் அந்தக் காற்று வேண்டாம். எண்ணெய் படிந்த இடத்தில் எதுவும் ஒட்டாது. அடிப்பரப்பு நனைந்திருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. சிமென்ட் பாலைத் தோசை மாவுப் பதத்தில் பிரஷ்ஷால் தேய்த்து, அது வெளுப்பதற்குள் கலவையைப் போட வேண்டும். காய்ந்துவிட்டால் அதுவே நடுவில் ஒரு தாள் மாதிரி நின்று இரண்டையும் பிரித்துவிடும். கலவைக்கு 10 மி.மீ. ஜல்லி. 50 கிலோ மூட்டைக்கு 20 லிட்டர் தண்ணீர், அதிலும் ஈர மணலில் உள்ள தண்ணீரைக் கழித்துக்கொள்ள வேண்டும். கரணையை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தால் ஒட்டும் இடத்திலிருந்து கலவை விலகும்.

பாளமே குறுக்கே உடைந்து ஏறி இறங்கியிருந்தால் முழு ஆழம். வண்டித்தட முழு அகலத்துக்கும், நீளவாக்கில் குறைந்தது 1.8 மீட்டருக்கும் எடுக்க வேண்டும். அதைவிடச் சின்னத் துண்டு சக்கரத்தின் கீழ் ஆடும். அதிகாலையில் வெட்டுவது நல்லது. மத்தியானம் பாளம் நீண்டு கட்டர் பிளேடைக் கவ்விக்கொள்ளும். வெட்டிய துண்டைக் கிரேனால் தூக்குங்கள். உள்ளேயே உடைத்து அள்ளினால் அடித்தளம் கலையும்.

பிறகு டவல் கம்பிகளைச் செருக, பழைய பாளத்தின் வெட்டு முகத்தில், கனத்தின் நடுவில், 300 மி.மீ.க்கு ஒன்றாகத் துளை போட வேண்டும். 3.5 மீட்டர் அகலத்துக்கு ஒரு பக்கம் 11 கம்பி வரும். 32 மி.மீ. கம்பியை எபாக்சி என்ற கெட்டியாக இறுகும் பசையால் ஒட்டுவதென்றால் துளை 2 மி.மீ. மட்டும் பெரிதாக, 250 மி.மீ. ஆழம். எபாக்சியைத் துளையின் உள்முனையிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வாயில் பிதுக்கிவிட்டுக் கம்பியைச் செருகினால் உள்ளே காற்று அடைபடும். கம்பியைத் திருகித் திருகி நுழைக்கும்போது வாயைச் சுற்றிலும் பசை பிதுங்கினால்தான் நிறைந்திருக்கிறது. வெளியே நீட்டும் பாதிக்குக் கிரீஸ் தடவுங்கள். ஒரு கம்பி கோணலானாலும் மூட்டு பூட்டிக்கொள்ளும்.

கான்கிரீட் போட்டதும் வைப்ரேட்டர் ஓரங்களிலும் மூலைகளிலும் கட்டாயம் இறங்க வேண்டும். ஈரச் சாக்கு குறைந்தது 7 நாள். காற்றும் வெயிலும் சேர்ந்த நாளில் முதல் சில மணி நேரத்திலேயே முடிக்கீறல் விழும் என்பதால், மேற்பரப்பின் நீர் மினுமினுப்பு மறைந்ததும் க்யூரிங் காம்பவுண்டு, அதாவது ஈரம் ஆவியாகாமல் தடுக்கும் பூச்சு, தெளித்துவிடலாம்.

மூட்டில் சிலிக்கோன், அதாவது ரப்பர் மாதிரி இழுபடும் பசை, அடைக்கும்போது, 10 மி.மீ. அகல மூட்டுக்கு 12 அல்லது 13 மி.மீ. ஃபோம் கயிற்றை முதலில் அமுக்கி, அதன் மேல் 5 மி.மீ. கனத்துக்கு அடைக்க வேண்டும். கயிறு இல்லாவிட்டால் சிலிக்கோன் அடியிலும் ஒட்டும். பக்கச் சுவர்கள் விலகும்போது அடி விடாமல் பிடிக்க, அது நடுவில் கிழியும். சாலை மட்டத்துக்கு 5 மி.மீ. கீழேயே நிறுத்துங்கள், இல்லையேல் டயர் பிடுங்கிக்கொண்டு போகும்.

நம் தெருவில் குடிநீர்க் குழாய்க்கு வெட்டிய பள்ளமும் இதே கதைதான். மண்ணை மொத்தமாகத் தள்ளாமல் 150 மி.மீ. அடுக்கடுக்காக நனைத்து இடிக்க வேண்டும். பள்ளத்தின் இரு பக்கமும் இன்னும் 150 மி.மீ. நேர்கோட்டில் வெட்டிவிட்டு, பழைய பாளம் 6 அங்குலம் என்றால் புதியதும் 6 அங்குலம் போட வேண்டும். மேலாக 2 அங்குலம் பூசிவிட்டுப் போனால், அந்தத் தெருவுக்கு வரும் முதல் தண்ணீர் லாரியே அதை உடைத்துவிடும்.