பத்திரத்தில் இல்லாத காற்று

நேயர்களுக்கு வணக்கம். அடுக்குமாடி வீட்டில் அன்றாடம் கிடைக்கும் சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். காற்று, எதிர் வீடு, மொட்டை மாடி, தொட்டிச் செடி என்று குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், 'இவன் முதல் தலைப்பைத் தாண்ட மாட்டான்' என்று இப்போதே சிரிப்பார்கள். பார்ப்போம்.

கட்டட நிறுவனம் ஒன்றில் வீட்டு வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதைச் சொன்னாலும் ஒரு தாளை இழுத்துக் கோடு போட்டுத்தான் சொல்லிப் பழக்கம். வானொலியில் அதற்கு வழியில்லை. அதனால் நீங்கள் ஓர் உதவி செய்யுங்கள். இப்போது இருக்கும் வீட்டையே படமாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தால் போதும். சாமி படம் எந்தத் திசை பார்த்து மாட்டியிருக்கிறது என்பது வீட்டில் யாருக்காவது நிச்சயம் தெரிந்திருக்கும்.

நான் பேசப்போவது சென்னை வீட்டைப் பற்றி. வெளியூர் நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடையில் சென்னைக்குக் கிடைத்திருக்கும் ஒரே சலுகை கடற்காற்று. சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் காலையில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும், மேல்காற்று என்பது அதுதான். பத்து, பதினொரு மணிக்குத் தரை கொதிக்கத் தொடங்கும். கடல்நீர் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. தரைமேல் இருக்கும் காற்று சூடேறி மேலே கிளம்ப, அந்த இடத்தைப் பிடிக்கக் கடல்மேல் இருந்த குளிர்ந்த காற்று ஊருக்குள் நுழைகிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். படித்து மதிப்பெண் வாங்கியதோடு விட்டுவிட்டோம். அது வரும் நேரத்தில் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பார்க்கலாம், கண்ணாலேயே பார்க்கலாம். நண்பகல் வாக்கில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சற்று நேரம் வியர்க்கும், தாங்கிக்கொள்ளுங்கள். கிழக்கு ஜன்னல் திண்டில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். முதலில் புகை ஜன்னலுக்கு வெளியே போகும். மேல்காற்று வீட்டுக்குள் புகுந்து கிழக்கே வெளியேறுகிறது என்று அர்த்தம். ஜன்னல் திரைச்சீலையைப் பாருங்கள், கம்பியோடு ஒட்டிக்கொண்டு கம்பியின் வரிகள் துணியில் தெரியும். கொஞ்ச நேரத்தில் திரை கம்பியை விட்டுத் தளர்ந்து தொங்கும். புகை ஒரு முழம் உயரத்துக்கு நேராக எழும்பி நிற்கும். அன்றைய நாளிலேயே கொடுமையான நேரம் அதுதான். முதுகில் சட்டை ஒட்டும், மரத்தில் ஓர் இலை அசையாது. பிறகு புகை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு மூன்று முறை தள்ளாடும். திரையின் கீழ் விளிம்பு மட்டும் லேசாக அசையும். அப்புறம் திரை முழுவதும் உள்பக்கமாக உப்பி எழும். சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரின் தாள் படபடக்கும். புகை நம்மைப் பார்த்து வரும்.

இதற்குக் காசு கிடையாது. எங்கள் வீட்டில் அது வந்ததும், ஆவடியில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் கேட்பாள்: "அண்ணா, அங்கே வந்துவிட்டதா?" வந்துவிட்டது என்பேன். "இங்கே இன்னும் இல்லை" என்பாள், ஏதோ நான் பிடித்து வைத்துக்கொண்டதைப் போல. கடலோரத்து மயிலாப்பூர், திருவான்மியூர்க்காரர்களுக்கு முதல் பந்தி. மேற்கே உள்ளே தள்ளி இருக்கும் அம்பத்தூர், ஆவடிக்குப் போய்ச் சேரும்போது நேரமும் ஆகிவிடும், வேகமும் குறைந்துவிடும்.

மேல்காற்று வலுத்து, கடற்காற்று உள்ளே வர முடியாமல் கரையிலேயே நிற்கும் நாட்களில்தான் ஊர் 40 டிகிரியைத் தாண்டித் தவிக்கிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் 45 டிகிரி பதிவானது பலருக்கு நினைவிருக்கும். அந்த நுங்கம்பாக்கம் வளாகம் சாதாரண இடம் இல்லை. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் கட்டிய இடம் அது. அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்னும் அங்கே இருக்கிறது. இந்த வெயிலுக்கு அந்த நாளில் வசதி படைத்த வெள்ளைக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வரவழைத்தார்கள், அதைச் சேமித்து வைக்க 1842-இல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். மற்றவர்கள் சாயங்காலம் வரை காத்திருந்து அதே கடற்கரைக்குச் சும்மா போய் உட்கார்ந்தார்கள். யார் கெட்டிக்காரர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். பிளாட் வாங்கும்போது பத்திரத்தில் எல்லாம் எழுதுகிறார்கள். இத்தனை சதுர அடி, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு இவ்வளவு, வண்டி நிறுத்தும் இடம் இன்னது. காற்றுக்கு ஒரு வரி கிடையாது. பார்க்க வருகிறவர்களும் தரையைத் தட்டிப் பார்க்கிறார்கள், குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். ஜன்னலைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நான் சொல்வேன், வீடு பார்க்க மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். தரகர் முகம் மாறினால் அந்த வீடு வேண்டாம்.

காற்று வர வழி இருந்தால் மட்டும் போதாது, போகவும் வழி இருக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிழக்கே எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும், எதிர்ப்பக்கம் அடைத்திருந்தால் காற்று வாசலோடு நின்றுவிடும். ஏன் என்பதற்கு அழுத்தக் கணக்கு ஒன்று உண்டு, படம் போடாமல் எனக்குச் சொல்ல வராது, விட்டுவிடுகிறேன். பழைய ஊர் வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் கொல்லைப்புறம் தெரியும். நடுவில் முற்றம் வேறு, சூடான காற்று அது வழியே மேலே போய்விடும். எழுபதுகளில் கட்டிய பிளாட்டுகளில்கூடக் கதவுக்கு மேலே வென்டிலேட்டர் இருந்தது. ஏ.சி. வந்தது, குளிர் வெளியே போகக்கூடாது என்று அதை அடைத்தோம்.

இந்த நகரும் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதே, அதை என் கையாலேயே எத்தனையோ வீட்டுக்கு வரைந்திருக்கிறேன், மேலதிகாரி சொன்னால் வரையத்தானே வேண்டும். ஆறடி ஜன்னல் என்பார்கள். ஒரு கண்ணாடியைத் தள்ளினால் இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும், ஆக எந்தக் காலத்திலும் மூன்றடிதான் திறக்கும். அதில் கொசுவலை வேறு. பழைய மரக்கதவு ஜன்னல் நாலடிதான், ஆனால் நாலடியும் திறக்கும். விலை, துருப்பிடிக்காமை, பார்வைக்கு அழகு என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி அறையாக்குகிறவர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் செய்தி நேரம் வந்துவிடும்.

நம் ஊர் பிளாட்டுக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அதுதான் வாசலில் போடும் இரும்புக் கிரில் கதவு. திருடனுக்குப் பயந்து போட்டது, காற்றுக்கு உபயோகமாகிவிட்டது. கிரிலைப் பூட்டிவிட்டு மரக்கதவைத் திறந்து வைத்தால் வீடு மூச்சு விடும். காலையில் பால் பாக்கெட் பை அதில்தான் தொங்கும், பேப்பரும் அதில்தான் செருகியிருக்கும்.

இங்கே எங்கள் எதிர் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்து ஜன்னல் கிழக்கே, வாசல் மேற்கே. படிக்கட்டு மேடையைத் தாண்டினால் எதிர் வீட்டு வாசல். அவர்கள் கூடத்து ஜன்னல் மேற்கே. இரண்டு வீட்டு மரக்கதவும் திறந்திருந்தால், கடற்காற்று எங்கள் ஜன்னலில் நுழைந்து அவர்கள் ஜன்னலில் வெளியேறும். முன்பு அங்கே இருந்த ஆசிரியர் தம்பதி இரவு வரை கதவைச் சாத்த மாட்டார்கள். அவர்கள் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள். புதிதாக ஓர் இளம் தம்பதி வந்தார்கள். நல்ல பிள்ளைகள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வந்ததும் கதவைச் சாத்தி ஏ.சி. போட்டுக்கொள்வார்கள். எங்கள் கூடத்துக் காலண்டர் அசைவதை நிறுத்திவிட்டது.

போய்ச் சொல்லலாமா என்றேன். "உங்கள் கதவைத் திறந்து வையுங்கள், எனக்குக் காற்று வரவில்லை என்று எந்த மனிதராவது போய்க் கேட்பாரா?" என்றாள் மனைவி. நியாயம்தான். சும்மா இருந்தேன்.

வைகாசியில் அந்தப் பெண்ணின் தாயார் தென்காசியிலிருந்து வந்தார். வந்த மறுநாள் மதியம் மரக்கதவை அகலத் திறந்து வைத்து, கிரில் ஓரம் ஒரு முக்காலி போட்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் காலண்டர் படபடவென்று அடிக்கிறது. நான் வாசலுக்கு ஓடினேன். "அண்ணாச்சி, இந்தப் பெட்டிக்குள் கதவையும் சாத்திக்கொண்டு இந்தப் பிள்ளைகள் எப்படித்தான் இருக்கிறார்களோ!" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை.

அன்றிலிருந்து தினமும் எங்களுக்குள் காற்று விவாதம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அவருக்குப் பழமொழி இல்லை, அனுபவம். "உங்கள் காற்று பிசுபிசுக்கிறது அண்ணாச்சி. எங்கள் காற்றில் சாரல் இருக்கும், உப்பு இருக்காது" என்பார். குற்றாலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறவரிடம் நான் என்ன பேச முடியும்?

இன்னொரு வேடிக்கை. காலையில் மேல்காற்று அவர்கள் வீட்டு வழியாக எங்கள் வீட்டுக்கு வரும். அதனால் அவர் சொதி வைத்தால் தேங்காய்ப்பால் கொதிக்கும் மணம் எங்கள் கூடத்தில் நிற்கும். மதியம் காற்று திரும்பிவிடும். அப்போது எங்கள் அடுப்பு அவர்களுக்கு. "மைனி இன்றைக்கு வத்தக்குழம்பு வைத்திருக்கிறார்கள் போல" என்று சரியாகச் சொல்வார். அதன்பின் ஒரு கிண்ணம் போகாமல் இருக்குமா? அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது.

ஆடி பிறந்ததும் ஊருக்குக் கிளம்பிவிட்டார். கதவும் சாத்திக்கொண்டது. ஆனால் மாப்பிள்ளைத் தம்பி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மரக்கதவைத் திறந்து வைக்கிறார். மாமியார் தொலைபேசியில் கேட்கிறாராம். ஆறு மணிக்குக் கொசு வந்துவிடும், சாத்தியாக வேண்டும். இரண்டு மணி நேரம் போதும், நான் புகார் சொல்ல மாட்டேன்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது. வெட்டிவேர்த் தட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கி மாட்டிவிட்டு, சாயங்காலம் தண்ணீர் தெளித்து, குளிரவில்லையே என்று குறைப்படுகிறார்கள். ஈரம் உலரும்போதுதான் குளிர்ச்சி. வறண்ட மேல்காற்று இருக்கும் காலை வேளையில் மேற்கு ஜன்னலில் மாட்டித் தண்ணீர் தெளியுங்கள், மணக்கவும் செய்யும், குளிரவும் செய்யும். கடற்காற்று வந்த பிறகு அதிலேயே ஈரம் இருக்கிறது, தட்டி சட்டென்று உலராது. அப்போது சுருட்டி வைத்துவிட்டு ஜன்னலை அதற்கு விட்டுவிடுங்கள். மாலையாக ஆகக் காற்று தெற்குப் பக்கத்திலிருந்து வரத் தொடங்கும். தெற்கு ஜன்னல் உள்ள அறையில் படுக்கையைப் போடுங்கள்.

மொட்டை மாடிக்கு வருகிறேன். மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு கூரை உண்டு, மர உத்தரத்தின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பால் கட்டுவார்கள், அதன்மேல் செங்கல் ஜல்லி, தட்டை ஓடு. தடிமனான கூரை, கீழே இருப்பவர் தப்பித்தார். கான்கிரீட் தளம் அப்படி இல்லை, பகலில் குடித்த வெயிலை இரவில் கீழ் வீட்டுக்குள் விடும். கடைசி மாடிக்காரர்கள் தளத்துக்கு வெள்ளை பூசுங்கள், வருடா வருடம். வடாம் பிழிகிறவர்கள் விடியற்காலையில் மாடி ஏறுவது வெயிலுக்காக மட்டும் இல்லை என்பது என் கணக்கு. கடற்காற்று வருமுன் மேல்பக்கம் காய்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சேலையோடு சேர்ந்து வடாமும் பறக்கும். இதில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்த ஒரு சண்டை இருக்கிறது... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சண்டை இன்னொரு நாள்.

தொட்டிச் செடி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பால்கனியில் காலை வெயில் மண்ணைச் சீக்கிரம் உலர்த்திவிடும், கோடையில் மாலையிலும் தொட்டுப் பார்த்து நீர் விடுங்கள். கற்பூரவல்லிக்கு ஒரு குச்சி ஒடித்து நட்டால் போதும். மல்லிகையைத் தை மாதத்துக்குள் வெட்டிவிட்டால் கோடையில் பூக்கும். கடலோர வீடுகளில் இலை நுனி கருகுவது உப்பால், வாரம் ஒரு முறை இலையைக் கழுவுங்கள். கறிவேப்பிலைக்கு நேரம் இல்லை. வணக்கம்.