கமராவிலிருந்து மடிக்கணினிக்கு: படத்தோடு திகதியும் வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கமராவில் எடுத்த படங்களை இலவச மென்பொருள் கொண்டு மடிக்கணினிக்கு மாற்றுவது பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டிருந்தார்கள். "இதில் பேச என்ன இருக்கிறது, வயரைக் குத்தினால் படம் வந்துவிடும்" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வந்துவிடும், உண்மைதான். ஆனால் நம்முடைய மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கோயில் திருவிழா, கூத்து, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கலியாணம் என்று படம் எடுக்கிறவர்களின் கணினியைத் திறந்து பாருங்கள். "நியூ ஃபோல்டர்", "நியூ ஃபோல்டர் இரண்டு", "கோயில்", "கோயில் புதுசு", "கோயில் கடைசி" என்று வரிசையாக நிற்கும். படம் இருக்கும், எந்த வருடம் எடுத்தது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

படத்தை ஏற்றுகிற அந்தப் பத்து நிமிடத்திலேயே பெயரையும் திகதியையும் ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்பதைத்தான் நான் இன்று சொல்ல வந்தேன். பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம் என்று வைத்த வேலை எந்த வீட்டிலும் முடிந்து நான் காணவில்லை.

கமரா படத்துக்கு எப்படிப் பெயர் வைக்கிறது என்று முதலில் பார்ப்போம். கமராவின் மெமரி கார்டைக் கணினியில் திறந்தால் உள்ளே "டிசிஐஎம்" என்றொரு கோப்புறை இருக்கும். கனன், நிக்கோன், சோனி எதுவானாலும் அதே பெயர்தான். 1998இல் ஜப்பானில் வகுத்த ஒரு பொது விதியின்படி வந்தது அது. அந்த விதிப்படி படத்தின் பெயரில் முதலில் நான்கு எழுத்து, பின்னால் நான்கு இலக்கம். இலக்கம் 0001இல் தொடங்கி 9999 வரை போய், மறுபடி 0001க்கு வரும். கார்டை மாற்றினாலே 0001க்குத் திரும்பும்படி அமைத்த கமராக்களும் உண்டு. ஆக, மாமாங்கத் தீர்த்தத்தில் எடுத்த 0215ஆம் படமும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பில் எடுத்த 0215ஆம் படமும் ஒரே பெயரோடு வந்து நிற்கும். இரண்டையும் ஒரே கோப்புறைக்குள் போட்டால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவா என்று விண்டோஸ் கேட்கும். அவசரத்தில் இருக்கிறவர் ஆம் என்று அழுத்துவார். தீர்த்தம் போய்விட்டது. ரீசைக்கிள் பின்னிலும் தேடிக் காணமுடியாது.

சரி, பெயரில் ஒன்றும் இல்லையென்றால் திகதி எங்கே இருக்கிறது? படத்துக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸிஃப் என்று சொல்வார்கள். எடுத்த நாள், நேரம், எந்தக் கமரா, எவ்வளவு வேகத்தில் ஷட்டர் திறந்தது எல்லாம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதப்படுகிறது. இதில் நம்முடைய பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இங்கே கமரா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. கட்டாரில் வேலை செய்கிற தம்பி கொண்டுவந்த கமராவில் கட்டார் நேரம்தான் ஓடும். கட்டார் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கே காலை ஒன்பதுக்கு எடுத்த படம் ஆறரை என்று பதிவாகும். டொரொன்டோவிலிருந்து மாமா அனுப்பிய கமரா என்றால் நாளே மாறிவிடும்: கோடை காலத்தில் இங்கே காலை எட்டு மணிக்கு எடுத்தது, அங்கத்தைய முதல் நாள் இரவு பத்தரை. பழைய கமராக்கள் பலவற்றில் எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பே படத்துக்குள் இருக்காது, வெறும் நேரம் மட்டும்தான். மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த கமரா என்றால் திகதியையே மறந்திருக்கும்.

அதனால் விழாவுக்குப் போகும் முன் கமராவின் மணிக்கூட்டைச் சரிபாருங்கள். இரண்டு பேர் இரண்டு கமராவில் எடுப்பதாக இருந்தால், தொடங்குமுன் இருவரும் ஒரே போனின் மணிக்கூட்டைத் திரையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கமரா எத்தனை நிமிடம் பிந்துகிறது என்று பிறகு அந்தப் படத்தை வைத்தே கணக்குப் பார்க்கலாம்.

இனி ஏற்றுகிற வேலை. கேபிளா, கார்டைப் போட்டுக் கணினியில் குத்துகிற கார்ட் ரீடரா என்று கேட்பார்கள். ரீடர்தான் என்று நான் சொல்வேன். கமராவின் பற்றரி செலவாகாது, பாதியில் அணைந்துபோகிற பயமும் இல்லை. கேபிள்தான் இருக்கிறது, ஆனால் மடிக்கணினிக்குக் கமரா தெரியவில்லை என்றால், கமராவின் மெனுவில் யுஎஸ்பி அமைப்பைப் பாருங்கள். சில கமராக்களில் "மாஸ் ஸ்டோரேஜ்", "பிடிபி" என்று இரண்டு வழி இருக்கும். முதலாவதில் கமரா ஒரு பென் டிரைவ் போலத் தெரியும், இரண்டாவதில் கமராவாகவே தெரியும். ஒன்று சரிவராவிட்டால் மற்றதை மாற்றிப் பாருங்கள்.

மென்பொருளுக்கு வருவோம். ஒரு காலத்தில் படங்களை ஏற்றி அடுக்கி வைக்க எல்லோரும் பிக்காசா என்ற மென்பொருளை வைத்திருந்தோம். 2016இல் கூகுள் அதை நிறுத்திவிட்டது. இப்போது அதே வேலைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது டிஜிகேம். 2001இல் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஒரு சதமும் இல்லை. கடையில் யாரோ பூட்டுடைத்துக் கொடுக்கிற விலையுயர்ந்த மென்பொருளைப் போட்டு அதோடு வைரஸையும் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் டிஜிகேமின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தரவிறக்கம் நூறு எம்பிக்கு மேல் வரும், டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகங்களை அடையாளம் காணும் வசதிக்கு இன்னும் கோப்புகள் இறக்கவா என்று கேட்கும். இப்போதைக்கு வேண்டாம் என்று விடலாம்.

நிறுவியதும் படங்களை எங்கே வைப்பது என்று கேட்கும், ஒரு இடத்தைக் காட்டுங்கள். பிறகு கார்டை ரீடரில் போட்டு, மேலே உள்ள இம்போர்ட் மெனுவில் அந்தக் கார்டைத் தெரிவு செய்தால் உள்ளே உள்ள படங்கள் சிறிதாக வரிசையில் தெரியும். இதுவரை ஏற்றாத படங்களுக்குத் தனி அடையாளம் இருக்கும். இந்த ஒன்றுக்காகவே டிஜிகேமை எனக்குப் பிடிக்கும். பாதிக் கார்டை நேற்று ஏற்றி, மிச்சத்தை இன்று ஏற்றுகிறவருக்குத் தலையிடி இல்லை, புதியதை மட்டும் இறக்கு என்றால் போதும்.

அதே திரையில் பெயர் மாற்றும் இடமும் உண்டு. கமரா வைத்த பெயருக்குப் பதிலாக வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன் என்று வரும்படி அமையுங்கள். வருடம் முன்னால் வர வேண்டும், அப்போதுதான் கணினி வரிசைப்படுத்தும்போது காலவரிசையில் நிற்கும். கடைசியில் கமராவின் பழைய இலக்கத்தையும் ஒட்டிவிடுங்கள். தேர் இழுக்கும்போது தொடர்ந்து பத்துப் படம் தட்டினால் நாலைந்து ஒரே செக்கனில் விழும். இலக்கம் இருந்தால்தான் அவை பிரிந்து நிற்கும்.

நாள்வாரியாகத் தானே கோப்புறை பிரிக்கும் வசதியும் இதில் இருக்கிறது. கலியாணத்துக்கு அது சரி. கூத்துக்குச் சரிவராது. வடமோடியோ தென்மோடியோ, களரி தொடங்குவது இரவில், முடிவது விடியலில். நடுச்சாமத்தோடு திகதி மாறிவிடுவதால், ஒரே கூத்தின் வரவுப் பாட்டு ஒரு கோப்புறையிலும் போர்க் காட்சி இன்னொன்றிலும் போய்க் கிடக்கும். காரைதீவிலோ தம்பிலுவிலிலோ கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கை எடுக்கிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான். இப்படியான இரவுகளுக்கு அந்த வசதியை நிறுத்திவிட்டு நீங்களே ஒரு அல்பம் திறந்து, வருடம், மாதம், ஊர், நிகழ்ச்சி என்று பெயர் வையுங்கள்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையாகிய யுனிகோடில். பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகினவர்கள் இங்கே அதிகம். கோப்புப் பெயரில் பாமினி வேலை செய்யாது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும்.

கமரா நேரம் பிழையாக இருந்தது என்று ஏற்றிய பிறகு தெரிந்தாலும் பரவாயில்லை. படங்களை மொத்தமாகத் தெரிவு செய்து, இரண்டரை மணித்தியாலம் கூட்டு என்று டிஜிகேமிடம் சொன்னால் அத்தனை படங்களின் நேரத்தையும் ஒன்றாக நகர்த்திவிடும்.

லினக்ஸ் பாவிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ரெப்பிட் போட்டோ டவுன்லோடர் என்று ஒன்று இருக்கிறது. ஏற்றுகிற வேலை மட்டும்தான் அதற்கு. ஏற்றும்போதே இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதும். லினக்ஸில் கமராவோடு பேச உதவும் ஜிபோட்டோ என்ற மென்பொருள் தொகுப்பு இருப்பதால், மாஸ் ஸ்டோரேஜ் இல்லாத கமராக்களும் கேபிளில் பேசும். விண்டோஸ் டிஜிகேமில் அது இல்லை, அங்கே ரீடர்தான் வழி.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் கார்டை கம்யூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோவார்கள். திரும்பி வரும்போது கோப்புறை எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருக்கும். பயப்பட வேண்டாம், அந்த வைரஸ் பெரும்பாலும் படங்களை அழிப்பதில்லை, மறைத்துவிட்டுத் தன்னை முன்னால் நிறுத்துகிறது. வராமல் தடுக்க ஒரு சின்ன வழி உண்டு. எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் ஒரு சிறு தள்ளு விசை இருக்கிறது. கடைக்காரரிடம் கொடுக்குமுன் அதைக் கீழே தள்ளிவிட்டால் பெரும்பாலான ரீடர்கள் கார்டில் எதையும் எழுதாது, வாசிக்க மட்டும் செய்யும். மைக்ரோ எஸ்டியில் அது இல்லை, ஆனால் அதைப் போடுகிற அடப்டரில் இருக்கும்.

ஏற்றி முடிந்ததும் கார்டை அழிக்கக் கை துருதுருக்கும். டிஜிகேமிலேயே இறக்கிவிட்டு அழி என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தொடாதீர்கள். முதலில் இரண்டு பக்கமும் படங்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். நடுவில் சில படங்களைத் திறந்து முழுதாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டாவது பிரதி, அதுவும் வேறொரு வீட்டில். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடியிலும் நாவலடியிலும் கல்முனைக் கரையிலும் அல்பமும் நெகட்டிவும் ஒரே அலுமாரியில் இருந்து ஒன்றாகத்தான் போயின. கரையோரத்தில் இருக்கிறவர்கள் செங்கலடியிலோ வவுணதீவிலோ உள்ள உறவுக்காரர் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வையுங்கள். தாழ்ந்த இடத்தில் வைக்க வேண்டாம், 2011 ஜனவரி வெள்ளம் ஞாபகம் இருக்கும்தானே.

யாராவது அவசரப்பட்டுக் கார்டை அழித்துவிட்டால்? உடனே கார்டை வெளியே எடுங்கள், அதில் இன்னொரு படமும் எடுக்காதீர்கள். அழித்த படம் உடனே மறைவதில்லை, புதிய படம் அதன் மேல் எழுதும்போதுதான் போகும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அப்படிக் கிடப்பதைத் தேடி எடுத்துத் தரும். மீட்டதைக் கணினியில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் அல்ல. பழைய பெயர்கள் வராது, ஆனால் படத்துக்குள் உள்ள திகதி வரும், அதை வைத்து டிஜிகேமில் மறுபடி பெயர் வைக்கலாம்.

"நான் எல்லாப் படமும் வாட்ஸப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன், அதுவே பிரதிதானே" என்பவர்களுக்கு: வழமையாக அனுப்பும்போது வாட்ஸப் படத்தைச் சிறிதாக்குகிறது, உள்ளே இருந்த எடுத்த திகதியையும் நீக்கிவிடுகிறது. அவசியம் என்றால் டொகியுமென்ட்டாக அனுப்புங்கள், படம் அப்படியே போகும்.

எல்லாம் சரிபார்த்த பிறகு கார்டைக் கமராவில் போட்டு, கமராவின் மெனுவிலேயே ஃபோமெட் செய்யுங்கள். கணினியில் வைத்துச் செய்தால் சில கமராக்கள் ஏற்காமல் முரண்டு பிடிக்கும். முடித்த கையோடு, இலக்கத்தைத் தொடர்ந்து எண்ணும்படி கமராவில் அமைத்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.