ராத்திரி பாக்கி

நடுவர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு பட்டர்வொர்த் வரைக்கும் வந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். பகல் தூக்கம் உடலின் தேவையா, உழைப்பின் எதிரியா என்பது தலைப்பு. தேவைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

நிறைய எழுதி வைத்திருந்தேன். ஆனால் எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "பகல்ல படுக்கிறது பூனையும் பணக்காரனும்தான். தோட்டத்துல நம்ம தாத்தா பாட்டி பகல்ல படுத்திருந்தா நமக்கு இன்னைக்கு சட்டை ஏது, செருப்பு ஏது?" அதைக் கேட்டதும் எழுதியதை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். அண்ணே, என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர், பட்டையைக் கீறிப் பால் இறக்கினவர். அவர் பகலில் படுத்தார். தினமும் படுத்தார்.

நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டம். பாட்டி நாலு மணிக்கு எழுந்து, ஆக்கி வைத்துவிட்டு, இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடுகிற இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஏன் அவ்வளவு சீக்கிரம்? குளிர்ச்சி இருக்கும்போதுதான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம், நன்றாக வடியும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். மரத்தின் நேரத்துக்குத்தான் மனிதர்கள் எழுந்தார்கள். வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்கு என்கிற கிண்ணத்தில் வடிந்ததை வாளியில் சேர்த்து, தூக்கிக்கொண்டு போய் ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்குத் திரும்பினால் உச்சி வெயில். சோறு தின்றதும் பாய்கூட விரிக்காமல் அஞ்சடியில், வீட்டு முன்நடையில் சாய்வார். தலைக்கு மணைக்கட்டை. தலையணை வைத்தால் பொழுது போய்விடுமாம், கட்டை என்றால் அரை மணியில் கழுத்து தானாக எழுப்பிவிடுமாம்.

ஒரு நாள் அந்த வழியாக வேலையை மேய்க்கிற கங்காணி வந்தார். "என்ன இது, பகல்ல தூக்கம்?" என்று அதட்டினார். பாட்டி கண்ணைத் திறக்கவில்லை. படுத்தபடியே சொன்னார்: "இது பகல் தூக்கம் இல்லைங்க. ராத்திரி பாக்கி."

பின்னால் இருக்கிற அக்காமார்களுக்குக் கேட்கவில்லை போல, இன்னொரு தடவை சொல்கிறேன். கங்காணி நிற்கிறார். கையில் குச்சி. லயமே கதவோரம் நின்று பார்க்கிறது. அவர் ஒரு வார்த்தை முதலாளியிடம் சொன்னால் நாளைக்கு வேலைக்குப் பேர் இல்லை. பாட்டி காலை மட்டும் மடக்கிக்கொண்டு, தூக்கக் குரலிலேயே சொல்கிறார், "ராத்திரி பாக்கிங்க." தோட்டத்துக் கடையில் பாக்கி எழுதி அரிசி வாங்கின ஜனங்களுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும். பாக்கி என்றால் கொடுத்தே ஆக வேண்டும். கங்காணிக்கும் அதே கடையில் பாக்கி இருந்திருக்கும், ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பாட்டி சொன்னதைத்தான் பிற்பாடு விஞ்ஞானம் சொன்னது. விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே வரும், அதுதான் பாக்கிக் கணக்கு. கோப்பி குடித்தால் கடன் அடையாது, அந்த அடினோசின் போய் ஒட்டுகிற இடத்தை அடைத்துவிடும், அவ்வளவுதான், கணக்குப் புத்தகத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த மாதிரி. இந்தப் பாக்கியும் உடலின் கடிகாரமும் சேர்ந்துதான் தூக்கத்தை நடத்துகின்றன என்று தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982ல் எழுதினார். மதியம் கண் சொக்குவதற்கு சாம்பாரையும் ரசத்தையும் குறை சொன்னீர்கள். சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்தில் விழிப்பு ஒரு படி இறங்கும், அது கடிகாரத்தின் வேலை.

கடிகாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அதே 1982, ஜனவரி 1ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவின் மணியை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால் இன்று பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது சுமாராக ஒன்று இருபதுக்கு. மதியத் தூக்கத்துக்கு ஸ்பானியர் சொல்கிற சியெஸ்டா என்கிற சொல்லே லத்தீனில் ஆறாவது மணி என்பதிலிருந்து வந்தது, அதாவது விடிந்ததிலிருந்து எண்ணி உச்சிப்பொழுது. நாம் ரெண்டு மணிக்குச் சாய்ந்தால் அது சோம்பல் இல்லை, சூரியன் இப்போதுதான் தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. நம் பிள்ளைகளோ ஏழரை மணிப் பள்ளிக்கு இருட்டிலேயே வேன் ஏறுகிறார்கள்.

ராத்திரி ஒரே மூச்சில் தூங்குவதுதான் இயற்கை என்றார் இன்னொரு நண்பர். பழைய ஐரோப்பாவில் முதல் தூக்கம், ரெண்டாம் தூக்கம் என்று பிரித்துத் தூங்கினார்கள், நடுவில் எழுந்து ஜெபம் செய்தார்கள், பேசினார்கள் என்று வரலாற்று ஆய்வாளர் ரோஜர் எகிர்ச் ஏராளமான சான்றுகளைத் தேடி எடுத்து வைத்தார். எல்லா ஊரிலும் அப்படி இல்லை, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூக்கத்துக்கு ஒரே அச்சு கிடையாது. பூனையைச் சொன்னீர்களே, பூனை மட்டுமல்ல, பாலூட்டிகளில் பெரும்பாலானவை துண்டு துண்டாகத்தான் தூங்குகின்றன. அப்புறம் நாசா, நீண்ட தூர விமானிகளை முறை வைத்துத் தூங்க விட்டுப் பார்த்தது. சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், வேலைத்திறன் 34 சதவீதம் கூடியது. அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவோம், எழுந்தால் தலை கனக்கும். 26 நிமிடம்! பாட்டியின் மணைக்கட்டைக்கு அந்தக் கணக்கு முன்னாடியே தெரியும்.

இப்போது என் அம்மாவைப் பற்றி. பாட்டியின் மகள் தோட்டத்தை விட்டு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார், மூன்று ஷிப்ட். ராத்திரி வேலை முடிந்து காலையில் பஸ்சில் வந்து, சன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுப்பார். நானும் தங்கையும் வெளியே கத்தி விளையாடுவோம். எழுந்து வருவார், திட்டமாட்டார், "பசிக்குதா?" என்று கேட்பார். எத்தனை வருஷம் அப்படி எழுப்பியிருப்போம்!

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மதியம் சோபாவில் கண்ணயர்கிறார். நான் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் பதறி எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, "தூங்கலப்பா, சும்மா சாஞ்சிருந்தேன்" என்கிறார். நான் கேட்கவே இல்லை. கங்காணியிடமே நேராகச் சொன்னவரின் மகள், பெற்ற பிள்ளையிடம் மறைக்கிறார். பூனையும் பணக்காரனும் என்று நீங்கள் சொல்லி நாம் கைதட்டினோமே, அது அந்த சோபா வரைக்கும் போகிறது அண்ணே.

போன வாரம் முச்சந்தியிலேயே மோட்டாரை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். கேட்டைத் திறக்கவில்லை. வெளியிலேயே உட்கார்ந்து, காற்றாடிச் சத்தத்துக்கு நடுவில் அம்மாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் நான் கேட்கவிடாத மூச்சு அது.

மணி அடிக்கிறீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிட்டேன். அம்மா மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். அம்மா, வீட்டுக்குப் போனதும் படுங்க. யார் கேட்டைத் திறந்தாலும் எழுந்திருக்காதீங்க. யாராவது கேட்டால், ராத்திரி பாக்கி என்று நான் சொல்லிக்கிறேன். வணக்கம்.