ரோம் யூதர்களின் அடுப்படி

நேயர்களுக்கு வணக்கம்.

ரோமில் டைபர் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சிறிய பகுதி இருக்கிறது. 1555இல் போப் நான்காம் பவுல், நகரத்து யூதர்களை அங்கே சுவர் எழுப்பி அடைத்தார். இரவானால் வாசலைப் பூட்டிவிடுவார்கள். பழைய துணி வியாபாரம் போல ஒன்றிரண்டு தொழிலுக்குத்தான் அனுமதி. 1870இல் போப்பின் ஆட்சி முடிந்த பிறகுதான் அவர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது. இன்று ரோமுக்குப் போகிறவர்கள் தேடிப்போய்ச் சாப்பிடும் பண்டங்களில் சில, அந்த நெருக்கடிக்குள் பக்குவப்பட்டவை.

கார்ச்சோஃபி அல்லா ஜூதியா, அதாவது யூதர் பாணி ஆர்ட்டிசோக், அதில் முக்கியமானது. ஆர்ட்டிசோக் ஒரு முட்செடி வகையின் மொட்டு. ரோமைச் சுற்றி விளைவது உருண்டையானது, முள் இல்லாதது. கத்தியைச் சாய்த்துப் பிடித்து, மொட்டைச் சுழற்றிக்கொண்டே முற்றிய இதழ்களைச் சீவ வேண்டும். இளம் பகுதி மட்டும் மிஞ்சும். அதை முழுசாக ஆலிவ் எண்ணெயில் மிதமான சூட்டில் வேகவிட்டு எடுத்து, இதழ்களை விரித்துவிட்டு, மறுபடி நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போடுகிறார்கள். சாமந்திப் பூ மாதிரி விரிந்து வரும். வெளியே மொறுமொறுப்பு, நடுவில் வெண்ணெய்ப் பதம். மசாலா எதுவும் இல்லை. உப்பும் எண்ணெயும் கைப்பக்குவமும்தான்.

அப்புறம், யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள். வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் மறுநாள் இரவுவரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. ஆறினாலும் ருசிக்கிற பண்டம் வேண்டும். கொஞ்சா அப்படிப்பட்டது: சுக்கினி என்ற பூசணி வகைக் காயை நறுக்கி, ஈரம் போக உலர்த்தி, பொரித்து, வினிகர், பூண்டு, புதினாவோடு அடுக்கி ஊறவிடுவார்கள். மறுநாள்தான் அதற்கு முழு ருசி வரும்.

கத்திரிக்காயின் கதையை நான் மறக்கவே மாட்டேன். ஆசியாவிலிருந்து அரபுகள் வழியாக சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் போன காய் அது. 1492இல் ஸ்பானிய அரசு இந்த இரண்டு இடங்களிலிருந்தும் யூதர்களை விரட்டியது. அவர்கள் வடக்கே போனபோது அந்தச் சமையலும் கூடவே போனது. 1891இல் வெளியான தன் சமையல் நூலில் இத்தாலிய எழுத்தாளர் பெல்லெக்ரினோ அர்த்தூசி எழுதுகிறார்: நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஃபிளாரன்ஸ் சந்தையில் கத்திரிக்காயும் பெருஞ்சீரகக் கிழங்கும் அபூர்வம், யூதர் உணவு என்று இழிவாக நினைத்தார்கள். நல்ல பொருளைக் கண்டுபிடிப்பதில் யூதர்களுக்கு மற்றவர்களைவிட மூக்கு கூர்மை என்றும் சேர்த்துச் சொல்கிறார். இன்று கத்திரிக்காய் இல்லாத இத்தாலியச் சமையல் உண்டா? அதை விரும்பிச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரியும்? அது தெரிந்தே ஆக வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஏனென்றால் சமைத்த கைகளே பறிபோயிருக்கின்றன. 1943 அக்டோபர் 16 அன்று நாஜிகள் ரோமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர். குடும்பத்தோடு போன பக்குவங்களுக்குக் கணக்கே இல்லை.

மிஞ்சியதை ரோம் யூதர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. 2018இல் இஸ்ரேலின் தலைமை ரபிமார் (யூத மதகுருமார்) அலுவலகம், முழு ஆர்ட்டிசோக்கில் பூச்சி இருக்கலாம், அது யூத மத விதிப்படி விலக்கப்பட்ட உணவு என்றது. ரோம் யூதர்கள் ஏற்கவில்லை. எங்கள் ஊர் மொட்டின் இதழ்கள் பூச்சி நுழைய முடியாத அளவுக்கு நெருக்கமானவை, சுத்தம் செய்யும் விதமும் எங்களுக்குத் தெரியும் என்று பதில் சொன்னார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. எந்த இதழ்வரை சீவ வேண்டும் என்பதைத் தலைமுறைகளாகக் கைப்பழக்கத்தில் வைத்திருப்பவர்கள் அவர்கள்.

நன்றி, வணக்கம்.