படம், பட்டம் ஏன் மினிமல் பேர் ஆகாது? ஒலியன் கணக்கு பற்றிய கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து. சிதம்பரத்துல எம்.ஏ. மொழியியல் முதல் செமஸ்டர் படிக்கிற ஒரு மாணவி கேட்டிருக்காங்க. ஒலியனியல் தேர்வுல ‘படம், பட்டம்’ ரெண்டையும் மினிமல் பேர்னு காட்டி, ஒலிப்பிலா ட (தொண்டை அதிராதது), ஒலிப்புடை ட (அதிர்றது) ரெண்டும் தனித்தனி ஒலியன்னு, அதாவது சொல்லோட பொருளப் பிரிக்கிற தனித்தனி ஒலின்னு, எழுதியிருக்காங்க. மார்க் போயிடுச்சு. ஏன்னு கேக்குறாங்க. கூடவே இன்னொண்ணு: தேவனாம்பட்டினத்துல களப்பணிக்குப் போனா சிலர் ழ சொல்றதே இல்ல, அத திருத்தி எழுதணுமாங்கிறாங்க.

முதல் கேள்விக்கு வருவோம். மினிமல் பேர்னா ஒரே ஒரு இடத்துல ஒரே ஒரு வேறுபாடு இருக்கணும், அதனாலேயே பொருள் மாறணும். இப்ப தொண்டையில விரல வச்சுக்கிட்டு படம், பட்டம் சொல்லிப் பாருங்க. படத்துல நடுவுல அதிர்வு நிக்காது. பட்டத்துல அதிர்வு நின்னு, கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்ப வரும். அப்ப மாறுறது ரெண்டு: அதிர்வும் மாறுது, நீளமும் மாறுது. இந்த ரெண்டுல எது பொருளப் பிரிக்குது, எது அதோட ஒட்டிக்கிட்டு வருதுன்னு கேக்குறதுதான் கணக்கே.

அதுக்கு ட-வ விட்டுட்டு வேற மெய்யப் பாருங்க. புளி, புள்ளி. கனி, கன்னி. இங்க அதிர்வு ரெண்டு பக்கமும் இருக்கு, நீளம் மட்டும்தான் வேற. அப்ப தமிழுக்கு நீளம் எப்படியும் தேவைப்படுது. அத ஒத்துக்கிட்டாச்சுன்னா ட-வோட அதிர்வ இடத்தப் பாத்தே சொல்லிடலாம்: ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தையா வந்தா அதிரும், இரட்டிச்சா அதிராது. யூகிக்க முடியிறத ஒலியன்னு தனியா எண்ண மாட்டோம். இதுதான் உங்க மார்க் போன இடம்.

ஆனா ‘இரட்டிச்சா மட்டும் அதிராது’ன்னு விதி எழுதினாலும் பாதி மார்க்தான். நட்பு, வெட்கம் என்ன ஆகும்? அங்க ட இரட்டிக்கல, ஆனாலும் அதிராது. பின்னால இன்னொரு வல்லினம் வருது. வண்டியில மூக்கொலிக்குப் பின்னால வருது, அதிருது. கேள்வியில குடுக்கிற சொல் பட்டியல்ல, அதாவது டேட்டாவுல, கடைசிச் சொல் வரைக்கும் விதி செல்லுபடியாகுதான்னு ஒவ்வொண்ணா டிக் போட்டுப் பாருங்க.

இப்ப க-வ எடுத்து முழுசாச் செஞ்சு பாப்போம். கடல், காத்து, பக்கம், அக்கா, தங்கம், சங்கு, பகல், நகம். ஒரு தாள்ல மூணு பத்தி போடுங்க: முன்னால வர்ற ஒலி, நம்ம ஒலி, பின்னால வர்ற ஒலி. நிறைய பேர் பின்னால வர்றத மட்டும் எழுதிட்டு ‘ஒண்ணும் புரியல’ன்னு விட்டுடுறாங்க. கடல், தங்கம், பகல் மூணுலயும் க-வுக்குப் பின்னால அகரம்தான். அப்புறம் எப்படிப் புரியும்? முன்னால பாருங்க. சொல்லோட ஆரம்பம்னாலும், பக்கம், அக்கா மாதிரி இரட்டிச்சாலும் அதிராத க. ங-வுக்குப் பின்னாலன்னா அதிர்ற க. ரெண்டு உயிருக்கு நடுவுலன்னா உரசொலி. சிலர் வாய்ல கிட்டத்தட்ட ஹ மாதிரி வரும், சிலர் வாய்ல அதிர்ந்து உரசும். இந்தச் சிலர் விஷயம் உறழ்ச்சி, அதாவது பொருள மாத்தாம ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு வர்றது, அதுக்குத் தனி விதி தேட வேண்டாம். மத்தது மூணும் ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு வராது. துணைநிலை வழக்கு. ஒரே ஒலியன், மூணு மாற்றொலி, அதாவது இடத்துக்கு ஏத்த மூணு உச்சரிப்பு.

துணைநிலை வழக்கு மட்டும் இருந்தா போதுமான்னா, போதாது. ஆங்கிலத்துல ஹ அசையோட முதல்ல மட்டும் வரும், ங அசையோட கடைசியில மட்டும் வரும். ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு வராது. ஆனா அத ஒரே ஒலியன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒலி அளவுல ஒற்றுமையும் இருக்கணும். விடைத்தாள்ல இந்த ஒரு வரிய விட்டுடாதீங்க.

தமிழ் பேசுற மாணவங்களுக்கு இதுல தனியா ஒரு கஷ்டம் உண்டு. நம்ம எழுத்து முறை ஏற்கெனவே பெரும்பாலும் ஒலியன எழுதுற முறை. தொல்காப்பியம் சொல்ற முதலெழுத்து 30-ல அதிர்ற க-வுக்கு எழுத்தே கிடையாது. கால்டுவெல் 1856-ல வந்த ஒப்பிலக்கணத்துலயே, வல்லினம் இடத்தப் பொறுத்து அதிர்றதும் அதிராததுமா மாறுறத எழுதியிருக்காரு. ஆக விடை எழுத்துலயே ஒளிஞ்சிருக்கு, அதனால காது வேலை செய்யாமப் போயிடுது. அதுக்காக எழுத்த நம்பிடவும் கூடாது. ந, ன பாருங்க. முந்நூறு மாதிரி கூட்டுச் சொற்கள ஒதுக்கிட்டா, ந சொல்லோட முதல்லயும் த-வுக்கு முன்னாலயும்தான். ன மத்த இடத்துல. எழுத்து ரெண்டு, இன்னைக்குப் பேச்ச வச்சுப் பாத்தா ரெண்டு ஒலியன்னு காட்டுறது ரொம்பக் கஷ்டம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கோரைப் பாய், பாய் கடை பிரியாணி. முதல் பாய் அதிராது, ரெண்டாவது பாய் உதட்டுலயே அதிர்ந்துதான் ஆரம்பிக்கும். ரெண்டுமே சொல்லோட முதல்ல வருது, வேற எந்த வித்தியாசமும் இல்ல, பொருள் வேற. இது சுத்தமான மினிமல் பேர். பாண்டியிலயும் கடலூர்லயும் தினம் பேசுற சொல். இப்படிப்பட்ட கடன் சொல் டேட்டாவுல இருந்தா, ரெண்டு ப-வும் தனி ஒலியன்னுதான் எழுதணும். ‘தமிழ்ல அப்படிக் கிடையாதே’ன்னு டேட்டாவ மீறி எழுதாதீங்க. கொடுத்த டேட்டாவுக்குத்தான் விடை.

எழுதுறப்ப குறி மாறக் கூடாது: ஒலியன சாய்கோட்டுக்குள்ள, மாற்றொலிய சதுர அடைப்புக்குள்ள. இது சின்ன விஷயம்தான், ஆனா திருத்துறவங்க கண்ணுல முதல்ல படுறது இதுதான்.

சரி, ழ. திருத்தவே கூடாது. அவங்க சொன்னதுதான் டேட்டா. ஆனா அவங்க நிஜமாவே ழ-வையும் ள-வையும் ஒண்ணா வச்சிருக்காங்களா, இல்ல உங்க காதுக்குத்தான் அப்படிக் கேக்குதான்னு சோதிக்கணும். கடற்கரையில இதுக்கு நல்ல ஜோடி இருக்கு: வாழை, வாளை மீன். இன்னொண்ணு கிழி, கிளி. எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்லாதீங்க. எழுத்தப் பாத்ததும் பள்ளிக்கூடத்து ழ வந்துடும். வாழைப்பழத்தையும் மீனையும் படமாக் காட்டி, இது என்னன்னு கேளுங்க. ஒவ்வொரு சொல்லையும் மூணு தடவை சொல்ல வச்சு, நடுவுல உள்ளத எடுங்க. முதல் தடவை ரொம்ப ஜாக்கிரதையாச் சொல்வாங்க, கடைசித் தடவை குரல் இறங்கிடும்.

பதிவு வேவ் கோப்பா, 44,100 ஹெர்ட்ஸ்ல இருக்கட்டும். வாட்ஸ்ஆப் வாய்ஸ் மெசேஜா வாங்காதீங்க. அது ஒலியச் சுருக்கிடும், பேச்சொலிய ஆராயிற பிராட் மென்பொருள்ல போட்டா அலைவரிசைக் கோடு நம்புற மாதிரி தெரியாது. பிராட் இலவசம்தான், டவுன்லோடு பண்ணிக்கலாம். அப்புறம் அவங்க குரலையே கலைச்சுப் போட்டுக் காட்டி, இது பழமா மீனான்னு கேளுங்க. ஒரு 20 தடவை கேட்டு, கிட்டத்தட்ட பாதிதான் சரியாச் சொன்னாங்கன்னா, காசு சுண்டிப் போட்ட மாதிரிதான். அவங்க பேச்சுல ழ தனி ஒலியன் இல்ல. பெரும்பாலும் சரியாச் சொன்னாங்கன்னா, வேறுபாடு இருக்கு, நீங்கதான் இன்னும் கவனமாக் கேக்கணும்.

இதே ஊர்ல ழ-வ ய-ன்னு சொல்றவங்களும் கிடைக்கலாம். அவங்கள இவங்களோட கலந்து ஒரே ஒலியன் பட்டியலாப் போட்டுடாதீங்க. ஆளுக்கொரு பட்டியல், மேல வயசு, ஊர், தொழில், எவ்வளவு படிச்சவங்கங்கிறது. பேர் வேண்டாம், எண் போட்டாப் போதும்.