சாகவேண்டிய செல் சாகலன்னா

வணக்கம். வயித்து கேன்சர்னா செல்லு தாறுமாறா பெருகுதுன்னுதான் எல்லாரும் சொல்வோம், அது சரிதான், ஆனா எனக்கு அதுக்குச் சமமா முக்கியமாப் படுறது சாகவேண்டிய செல் சாகாம உட்கார்ந்திருக்கிறது. இரைப்பையோட உள்சுவர்ல மேல இருக்கிற செல்லெல்லாம் சில நாள்லயே உதிர்ந்து புதுசு வந்துடும். டிஎன்ஏ கெட்டுப்போன செல்லும் அப்படித் தானாவே போய்ச் சேரணும். இந்தச் சாவுக்குத்தான் 1972ல கெர், வில்லி, கரி மூணு பேரும் அப்போப்டோசிஸ்னு பேரு வச்சாங்க.

டிஎன்ஏல அடி பட்டா பி53ங்கிற புரதம் கூடி, பாக்ஸ், பூமா மாதிரி ஜீன்களை ஆன் பண்ணுது, பாக்ஸ் போய் மைட்டோகாண்ட்ரியாவோட வெளிச்சவ்வுல ஓட்டை போடுது, அதுவழியா சைட்டோகுரோம் சிங்கிற புரதம் கசிஞ்சு கேஸ்பேஸ்ங்கிற நொதிகளை எழுப்பிவிடுது, அதுங்க செல்லை உள்ள இருந்தே நறுக்கிப்போடுது. இதைத் தடுக்கிற பக்கம் பிசிஎல்2ங்கிற புரதம் நிக்குது. வயித்து கேன்சர்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு பி53 ஜீனே கெட்டுப்போயிருக்கு.

ஆனா ஜீன் கெடாமலேயே வாயை மூடிக்கிறதும் உண்டு, என்னை ரொம்ப உலுக்கினது அதுதான். ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியை உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு அமைப்பு 1994லயே கேன்சர் வரவைக்கிற முதல் வகுப்புல சேர்த்துடுச்சு. அது வருஷக்கணக்கா வயித்துல புண்ணும் அழற்சியுமா வச்சிருக்கும்போது சில ஜீன்களோட தொடக்கப் பகுதியில மெத்தில்ங்கிற சின்ன வேதிக் குறி ஒட்டிக்குது, டிஎன்ஏவோட எழுத்து ஒண்ணுகூட மாறல ஆனா ஜீன் வேலை செய்யாது. எம்எல்எச்1ங்கிற ஜீனுக்கு இந்த மாதிரி மெத்தில் ஒட்டி அது அடங்கிப்போச்சுன்னு வைங்க. டிஎன்ஏவை நகல் எடுக்கும்போது வர்ற பிழையைத் திருத்துறது அதோட வேலை, அது இல்லன்னா ஒரே எழுத்து வரிசையா வர்ற இடத்துல எல்லாம் தப்பு குவியும். பாக்ஸ் ஜீன்ல ஜிங்கிற டிஎன்ஏ எழுத்து எட்டு தடவை தொடர்ந்து வர்ற ஒரு இடம் இருக்கு, அது ஏழாகும் இல்ல ஒன்பதாகும், மூணு மூணா படிக்கிற கணக்கு அங்கயே குலைஞ்சு பாக்ஸ் புரதமே உருவாகாது. ஒரு ஜீன் அடங்கினதுல இன்னொரு ஜீன் உடைஞ்சு, செல்லுக்குச் சாகுற வழியில ஒண்ணு அடைபட்டுப்போகுது!

2014ல 295 கட்டிகளை அலசின பெரிய ஆய்வுல ஐந்துல ஒண்ணு இப்படித் திருத்தாத பிழை குவிஞ்ச வகைதான், எம்எஸ்ஐன்னு சொல்வாங்க. இவங்களுக்கு ஒரு நல்ல விஷயம் என்னன்னா பிழை குவிஞ்ச செல்லு விதவிதமான தப்புப் புரதம் செய்யும், அதை நம்ம உடம்போட காவல்கார டி செல்லு அடையாளம் கண்டுபிடிச்சு வெளியில இருந்தே கிரான்சைம்ங்கிற நொதியை உள்ள செலுத்தி கேஸ்பேஸை நேரடியா எழுப்பிவிடும். பெம்ப்ரோலிசுமாப் மாதிரி மருந்து டி செல்லோட கட்டை அவிழ்த்துவிடுறது, இந்த வகைக் கட்டிகளுக்கு அமெரிக்காவுல 2017லயே அனுமதி கொடுத்துட்டாங்க. அதனால பயாப்சி எடுத்தா அந்தத் துண்டுல எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6ன்னு பிழை திருத்துற நாலு புரதமும் இருக்கான்னு சாயம் போட்டுப் பார்த்தாங்களான்னு டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க, நீங்க கேட்கிறதுல தப்பே இல்ல.