கூலிங் காயில் மாத்தும்போது எதைப் பார்த்து வாங்கணும்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன். கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டிய கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கார்: "சார், வீட்ல ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, ஆறு வருஷம் ஆகுது. கேஸ் போட்டா நாலஞ்சு மாசத்துல கூலிங் போயிடுது. கூலிங் காயில்ல லீக், மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். அவர்கிட்ட ரெண்டு டன் காயில் ஒண்ணு இருக்காம், அதைப் போட்டா இன்னும் நல்லா குளிரும்ங்கறார். போடலாமா? காப்பர் வாங்கறதா, அலுமினியம் வாங்கறதா?"

கூலிங் காயில்னா இன்டோருக்குள்ள இருக்கற, ரூம் காத்தைக் குளிர்விக்கற குழாயும் தகடும் சேர்ந்த பாகம். முதல் பதில்: அந்த ரெண்டு டன் காயிலைப் போட வேண்டாம். ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் உங்களைக் கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு. லீக் காயில்லதான்னு அவர் எப்படி முடிவு பண்ணினார்? கேஸ் இறங்குதுன்னா எங்கயோ லீக் இருக்கு, அது நிச்சயம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற பொருள் இல்ல, அடைச்ச குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கறது. ஆனா லீக் காயில்லதான் இருக்கணும்னு இல்ல. இன்டோருக்குப் பின்னாடி குழாய் முனையைப் புனல் மாதிரி விரிச்சு (அதுதான் ஃபிளேர்) நட் போட்டு இறுக்கியிருக்கற ரெண்டு ஜாயின்ட், அவுட்டோர்ல சர்வீஸ் வால்வு, கேஸ் ஏத்தற இடத்துல இருக்கற பின், இது எல்லாத்துலயும் லீக் வரும். நான் பார்க்கறதுல ஃபிளேர் ஜாயின்ட் லீக்தான் அதிகம். அதைத் திரும்ப ஃபிளேர் அடிச்சு இறுக்கினா முடிஞ்சுது. அதுக்குப் போய் காயில் மாத்தினவங்க இருக்காங்க. புதுக் காயில் போட்டதும் லீக் நின்னுடும். ஏன் நின்னுச்சு? காயில் மாத்தும்போது அந்த நட்டையும் கழட்டி மாட்டியிருப்பாங்க, அதான்.

அதனால என்ன செய்யச் சொல்லணும்னா, இன்டோரை லைன்லேர்ந்து பிரிச்சு, ரெண்டு முனையையும் அடைச்சு, நைட்ரஜன் ஏத்தி, அழுத்தம் காட்டற கேஜ் மாட்டி விடச் சொல்லுங்க. எவ்வளவு அழுத்தம்கறது மெஷின் ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவுக்குள்ள இருக்கணும். கொஞ்ச நேரத்துல முள் இறங்குச்சுன்னா காயில்தான். சோப்புத் தண்ணி தடவினா குமிழி எங்க வருதுன்னு கண்ணாலயே பார்க்கலாம். பக்கத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், கேஸோட சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் வெளிய வரும்ல. ஒரு எச்சரிக்கை, இதைச் சத்தமா சொல்றேன்: நைட்ரஜன் கைல இல்லன்னு ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்தா உள்ளயே விடாதீங்க. ஆயிலோட சேர்ந்தா வெடிக்கும்.

டெஸ்ட்ல லீக் ஓரத்துல யூ மாதிரி வளைஞ்சிருக்கற குழாய்ல, அதாவது யூ-பெண்ட்லன்னு தெரிஞ்சா, பல நேரம் பிரேசிங் வச்சே, அதாவது கேஸ் டார்ச் நெருப்புல ஒட்டு உலோகத்தை உருக்கி அடைச்சே சரி பண்ணிடலாம். ஃபின்னுக்கு, அதாவது வரிசையா இருக்கற மெல்லிய தகடுகளுக்கு நடுவுல குழாய்ல ஊசித்துளை விழுந்திருந்தாதான் காயிலை மாத்தற பேச்சு. ஒரு இடத்துல துளை விழுந்தா அடுத்த இடமும் தயாரா இருக்குன்னு அர்த்தம்.

சரி, மாத்தறதுன்னே வச்சுக்குவோம். இப்ப டன் விஷயத்துக்கு வரேன். ஒரு டன்னுங்கறது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை வெளிய தூக்கிப் போடற திறன், அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட். உங்களோடது ஒன்றரை டன், அதனால 18,000 பிடியு. இந்த வேலையைச் செய்யறது யாருங்க? காயில் தனியா ஒண்ணும் செய்யறதில்ல. அவுட்டோர்ல இருக்கற கம்ப்ரஸர் எவ்வளவு கேஸை இழுத்துத் தள்ளுதோ, அவ்வளவு கேஸ்தான் இந்தக் காயிலுக்குள்ள கொதிச்சு ஆவியாகும். அந்த ஆவியாகறதுதான் ரூம் சூட்டை உறிஞ்சறது. கம்ப்ரஸர் அதேதான், காயில் மட்டும் பெருசுன்னா என்ன ஆகும்? காயிலோட பரப்பு கூடும், உள்ள அழுத்தம் கொஞ்சம் ஏறும், காயிலோட சூடும் கொஞ்சம் ஏறும். கூலிங் லேசா கூடினாலும் கூடலாம், அதை நான் மறுக்கல. ஆனா காத்துல இருக்கற ஈரத்தை எடுக்கணும்னா காயில் நல்லா சில்லுன்னு இருக்கணும். அது சூடேறினா ரிமோட்ல 24 காட்டும், உடம்பு மட்டும் பிசுபிசுன்னு இருக்கும். நீங்க நேரா 20-க்கு இறக்குவீங்க. கரன்ட் பில்லுல போய் நிக்கும்.

சின்னதா போட்டாலும் தப்பு. அழுத்தம் இறங்கும், காயில் சூடு பூஜ்யத்துக்குக் கீழ போகும், மேல ஐஸ் கட்டும். ஐஸ் கட்டினா காத்து போகாது, காத்து போகலன்னா உள்ள இருக்கற கேஸ் முழுசா ஆவியாகாம திரவமாவே கம்ப்ரஸருக்குத் திரும்பும். கம்ப்ரஸர் ஆவியை அமுக்கறதுக்குச் செஞ்சது, திரவம் வந்தா அது தாங்காது. காயில் காசை மிச்சம் பிடிக்கப் போய் கம்ப்ரஸரை இழக்கற கதை இதுதான். ஜாடிக்கேத்த மூடின்னு சொல்வோம்ல, அவுட்டோர் ஜாடி, காயில் மூடி. மூடி வாங்கப் போறவங்க ஜாடியோட அளவை எடுத்துட்டுப் போகணும்.

டன் ஒத்துப் போனா மட்டும் போதுமான்னா, போதாது. சுவர்ல மாட்டற இன்டோரைத் திறந்து பார்த்திருக்கீங்களா? உள்ள காயில் நேர்ப் பலகையா இருக்காது. உருளை மாதிரி சுத்தற ஃபேனைச் சுத்தி மூணு, நாலு துண்டா வளைச்சு வச்சிருப்பாங்க. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வளைவு. அதனால "எல்லாத்துக்கும் பொருந்தும்"னு யாராவது சொன்னா, நான் முதல்ல அவரைத்தான் சந்தேகப்படுவேன். பொருந்த வைக்க ஃபின்னை நெரிச்சு, வளைச்சு உள்ள திணிப்பாங்க. ஓரத்துல இடைவெளி விழும், அது வழியா குளிராத காத்து சும்மா கடந்து போகும்.

இன்னொண்ணு, பாதை. இதை யாருமே கேட்க மாட்டேங்கறாங்க, எனக்கு ஆச்சரியமா இருக்கும். கேஸ் காயிலுக்குள்ள நுழையும்போதே ரெண்டு, மூணு, சில மாடல்ல நாலு வழியா பிரியும். ஒவ்வொரு வழிக்கும் சமமா போகணும். வெளியில பார்க்க ஒரே அளவு, ஒரே வரிசை, ஆனா ஒண்ணு ரெண்டு பாதைக் காயில், இன்னொண்ணு நாலு பாதைக் காயில்னு இருக்கும். மாத்திப் போட்டா அழுத்த இழப்பு மாறும், கேப்பிலரி, அதாவது கேஸை அளவா உள்ள விடற மெல்லிய குழாயோட கணக்கே கெட்டுப் போகும். போட்ட பிறகு இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: இருபது நிமிஷம் ஓட்டிட்டு யூ-பெண்ட் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாருங்க. மேல பாதி ஜில்லுன்னு, கீழ பாதி வெதுவெதுன்னு இருந்தா, ஒண்ணு கேஸ் குறைவு, இல்ல பாதை சரியில்ல.

கேப்பிலரின்னதும் ஞாபகம் வருது. சாதாரண ஸ்ப்ளிட்ல கேப்பிலரி அவுட்டோர்லதான் இருக்கும், இன்வெர்ட்டர்னா அதே வேலையைச் செய்யற எலக்ட்ரானிக் எக்ஸ்பான்ஷன் வால்வு, அதுவும் பெரும்பாலும் அவுட்டோர்லதான். ஆனா டக்ட் வழியா வீடு பூரா குளிர்விக்கற சிஸ்டம் வச்சிருக்கறவங்களுக்கு எக்ஸ்பான்ஷன் வால்வு பல நேரம் இன்டோர் காயிலோடயே வரும். அவங்க காயில் வாங்கும்போது வால்வு எந்த கேஸுக்கு, எத்தனை டன்னுக்குன்னும் பார்க்கணும். காத்து கீழேர்ந்து மேல போகுதா, மேலேர்ந்து கீழயா, படுக்கை வசமா, அதுக்குத் தகுந்த, தண்ணி பிடிக்கற ட்ரே இருக்கான்னும் பார்க்கணும். இல்லன்னா தண்ணி டக்ட்டுக்குள்ள சொட்டும்.

கேஸ். அவுட்டோர் ஸ்டிக்கர்ல ஆர் 22-ஆ, ஆர் 410ஏ-வா, ஆர் 32-ஆ, ஆர் 290-ஆன்னு தெளிவா எழுதியிருக்கும். ஆர் 22-ல ஓடும்போது கம்ப்ரஸர் உறிஞ்சற பக்கம் அழுத்தம் 60, 70 பிஎஸ்ஐ. ஆர் 410ஏ, ஆர் 32 ரெண்டுலயும் 110-லேர்ந்து 130 வரைக்கும் போகும். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல. ஆர் 22-க்குன்னு செஞ்ச பழைய காயிலைக் கழட்டி 410ஏ மெஷின்ல மாட்டினா, குழாய் தாங்குமாங்கறது உங்க அதிர்ஷ்டம். உள்ள ஒட்டியிருக்கற பழைய ஆயிலும் புது ஆயிலோட சேராது. ஆர் 32 லேசா தீப்பிடிக்கும், ஆர் 290 சுத்தமான புரோப்பேன், நல்லாவே பிடிக்கும். அந்த மெஷின்ல கேஸ் இருக்கும்போது நெருப்பு டார்ச் பக்கத்துல போகக் கூடாது. அதுக்குப் பயிற்சி எடுத்தவர்தான் கை வைக்கணும், இதுல சமரசமே கிடையாது.

ஆர் 22 மெஷின் வச்சிருக்கறவங்க யாராவது இதைப் பார்த்துட்டு இருந்தா, காயிலுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி யோசிங்க. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி அந்த கேஸைப் படிப்படியா நிறுத்திட்டு வராங்க. வளர்ந்த நாடுகளுக்கு 2020-ஓட கெடு முடிஞ்சுது, மத்த நாடுகளுக்கு 2030. அவுட்டோரும் கிழடு, கேஸும் கிடைக்கறது குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னா, நான் முழு செட்டையும் மாத்தத்தான் சொல்வேன்.

அடுத்து காப்பரா அலுமினியமா. காப்பர்னா உசத்தி, அலுமினியம்னா மட்டம்னு ஒரு பேச்சு இருக்கு. முழுசா சரியில்ல. காப்பரோட பெரிய பலம் ரிப்பேர்தான். டார்ச் வச்சு வீட்லயே பிரேசிங் பண்ணிடலாம். காப்பர் உருகறது 1085 டிகிரி செல்சியஸ்ல, அலுமினியம் 660-லயே உருகிடும், அதனால கொஞ்சம் அசந்தா குழாயே கரைஞ்சு போகும். ஆனா இன்டோர் காயில்ல காப்பருக்கு ஒரு எதிரி இருக்கு. பிளைவுட் பசை, பெயின்ட், தரை துடைக்கற லிக்விட், வினிகர், இதுலேர்ந்தெல்லாம் வர்ற ஆவி, காயில் மேல நிக்கற தண்ணியோட சேர்ந்து ஃபார்மிக் அமிலம், அசெட்டிக் அமிலம்னு ஆகும். அது காப்பர் குழாயை வெளியிலேர்ந்து உள்ள கிளை கிளையாத் துளைக்கும். கண்ணுக்கே தெரியாத துளை. சாக்கடை வாடை வர்ற இடம்னா அந்த வாயுவும் காப்பரைக் கறுக்கவச்சு அரிக்கும். அதனால உங்க காயில் புதுசு வாங்கி ரெண்டு மூணு வருஷத்துலயே ஊசித்துளை விழுந்ததுன்னா, திரும்ப அதே வெறும் காப்பரைப் போட்டு என்ன பிரயோஜனம்? குழாய்க்கும் சேர்த்துப் பூச்சு கொடுத்த காயில், இல்ல அலுமினியக் குழாய்க் காயில் கிடைக்குதான்னு கம்பெனிகிட்ட கேளுங்க. உங்களுக்கு ஆறு வருஷம் ஓடியிருக்கு, அப்படிப்பட்ட சூழல் இல்லன்னா காப்பரே போடலாம்.

ப்ளூ ஃபின், கோல்ட் ஃபின்னு கடையில காட்டுவாங்க. அந்தப் பூச்சு பெரும்பாலும் ஃபின் தகட்டுல மட்டும்தான். தண்ணி முத்து முத்தா நிக்காம வழிஞ்சு ஓடும், தகடு சீக்கிரம் அரிக்காது, நல்லதுதான். ஆனா ஓரத்துல யூ-பெண்ட் வெறும் காப்பராவே நிக்கும், பாருங்க. கலரைப் பார்த்து ஏமாறாதீங்க.

ஆக வாங்கறதுக்கு முன்னாடி இன்டோர் ஸ்டிக்கரை, அவுட்டோர் ஸ்டிக்கரை ரெண்டையும் போட்டோ எடுங்க. மாடல் நம்பரைச் சொல்லி கம்பெனி பார்ட்டாவே கேளுங்க. கிடைக்கலன்னாதான் அளவெடுத்து வாங்கறது. அப்ப பழைய காயிலைக் கழட்டிப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்க்கணும்: நீளம், குழாய் எண்ணிக்கை, வரிசை, குழாய்த் தடிமன், பாதை, நட் சைஸ், சென்சார் செருகற இடம். அந்தச் சென்சார் இடம் தள்ளிப் போச்சுன்னா ஐஸ் கட்டறதை போர்டு கண்டுபிடிக்காது.

மாட்டும்போது பக்கத்துல நில்லுங்க. பிரேசிங் பண்ணினா உள்ள நைட்ரஜன் மெதுவா ஓடிட்டு இருக்கணும், இல்லன்னா குழாய்க்குள்ள கறுப்பா காப்பர் ஆக்ஸைடு படிஞ்சு கேப்பிலரியை அடைக்கும். உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி எடுக்க வாக்குவம் பம்ப் போட்டே ஆகணும், அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கற அலகு) கீழ இறக்கணும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு காத்தை வெளிய தள்ளினா போதும்னு சொன்னா சம்மதிக்காதீங்க. கேஸை எடை மெஷின்ல வச்சு, ஸ்டிக்கர்ல எத்தனை கிராமோ அத்தனை ஏத்தணும். கடைசியா, மூடி மாட்டறதுக்கு முன்னாடி ஒரு சொம்புத் தண்ணியை காயில் மேல மெதுவா ஊத்தச் சொல்லுங்க. அது பூரா ட்ரெயின் பைப் வழியா வெளிய போகணும். சுவர்ல ஒரு சொட்டு இறங்கினாலும் காயில் சாய்ஞ்சு உக்காந்திருக்கு, அப்பவே கழட்டி மாட்டச் சொல்லுங்க.